லே ஓஃப் கடிதம் கையில்: செவரன்ஸைப் பெறுவதா, மீள அழைப்புக்குக் காத்திருப்பதா?

கேள்வி: ஒன்ராறியோவில் நீண்டகாலமாக இயங்கிவரும் ரயில் பெட்டித் தொழிற்சாலையொன்றில் 19 ஆண்டுகளாக வெல்டராக வேலை செய்கிறேன், தொழிற்சங்க உறுப்பினர். சென்ற வாரம் எனக்குத் தற்காலிக லே ஓஃப் (வேலை இடைநிறுத்தம்) கடிதம் தந்தார்கள். தொழிற்சாலையையே மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. செவரன்ஸ் பணத்தை (வேலை இழப்பவருக்குச் சேவைக்காலத்தை வைத்துத் தரும் இழப்பீட்டை) இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு விலகிவிடுவது நல்லதா?

பதில்: இன்றைய நிலையில் அந்தப் பணம் உங்களுக்குச் சேரவேண்டியதாக இன்னும் ஆகவில்லை. லே ஓஃப், பணிநீக்கம், ஆலை மூடல் ஆகிய மூன்றும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறானவை; உங்கள் கடிதம் முதலாவதை மட்டுமே சொல்கிறது. நீங்களாகவே விலகினால், கிடைக்கவிருந்த உரிமைகளையும் கைவிட்டவராவீர்கள்.

லே ஓஃப் எப்போது தற்காலிகம் என்ற தன்மையை இழக்கிறது என்பதற்கு ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டத்தில் கால எல்லை உண்டு. பொதுவாக அது 20 வாரங்களில் 13 வாரம். மருத்துவக் காப்புறுதி போன்ற சலுகைகளை நிறுவனம் தொடர்ந்தால், 52 வாரங்களில் 35 வாரத்துக்குக் குறைவான காலம் வரை நீளலாம். சங்க உறுப்பினர்களுக்கு, கூட்டு ஒப்பந்தத்தில் (சங்கமும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்) மீள அழைப்பதற்கெனக் குறித்த காலம் இதைவிட நீண்டதாகவும் இருக்கக்கூடும். ஆனால் செவரன்ஸைப் பொறுத்தவரை கவனிக்கவேண்டிய எண் 35: 52 வாரங்களுக்குள் 35 வாரம் வேலையின்றி இருந்தால் அந்த உரிமை பிறக்கிறது.

நீங்கள் கேட்கும் தெரிவு அப்போதுதான் உண்மையில் உங்கள் முன் வரும். பணத்தை உடனே பெற்றுக்கொண்டால், மீள அழைக்கப்படும் உரிமையைத் துறந்ததாகவே கருதப்படும். உரிமையை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தால் பணம் தொலைந்துபோவதில்லை. நிறுவனமும் சங்கமும் உடன்படும் ஏற்பாட்டின்படி, உடன்பாடு எட்டப்படாவிடில் மாகாண வேலை நியமப் பணிப்பாளரிடம், அது நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்படும். மீள அழைத்து நீங்கள் வேலைக்குத் திரும்பினால் நிறுவனத்துக்குத் திரும்பும். அழைப்புக் காலம் முடிந்தாலோ, நீங்கள் பின்னர் உரிமையைத் துறந்தாலோ உங்களுக்கு வரும். 19 ஆண்டு சேவை மூப்புள்ள ஒருவர், கையில் வேறு உறுதியான வேலையோ அவசரப் பணத்தேவையோ இல்லாதவரை, உரிமையை வைத்திருப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. இடைக்காலத்தில் வேறிடத்தில் வேலை செய்வதைச் சட்டம் தடுப்பதில்லை. உங்கள் கூட்டு ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொகை எவ்வளவு? ஐந்து ஆண்டு சேவை உள்ளவருக்கு, நிறுவனத்தின் ஆண்டுச் சம்பளச் செலவு 25 இலட்சம் டொலராவது இருந்தால், ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம். உச்ச எல்லை 26 வாரம். உங்களுக்கு 19 வாரமும், மிகுதி மாதங்களுக்கான பங்கும். ஓவர்டைம் இதில் சேராது. கூட்டு ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகத் தரலாம்.

மூடுவார்களா என்பதை வதந்தியை வைத்துக் கணிக்க முடியாது; கையிலுள்ள ஓடர்களைத்தான் பார்க்கவேண்டும். ரயில் பெட்டித் தொழில் பெரிய ஒப்பந்தங்களை நம்பியது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஆட்குறைப்பு நிகழ்வது இங்கே புதிதல்ல. 2019 ஜூலையில், ரொறன்ரோ ஸ்ட்ரீட்கார் (டிராம்), கோ (GO) புறநகர் ரயில் ஒப்பந்தங்கள் முடிவை நெருங்கியபோது, தண்டர் பே ஆலையின் சுமார் 1,100 பேரில் 550 பேரை லே ஓஃப் செய்யப்போவதாக பொம்பார்டியே அறிவித்தது. ஆலை மூடப்படவில்லை, 2021இல் அது அல்ஸ்ரொம் வசமானது, ரொறன்ரோவுக்கு மேலும் 60 ஸ்ட்ரீட்கார்கள் கட்டும் வேலையும் கிடைத்தது. மாறாக, நோவா ஸ்கோஷியாவின் ட்ரென்ரனில் சரக்குப் பெட்டிகள் கட்டிய ஆலையை கிரீன்பிரையர் 2007இல் மூடியது. பின்னர் அதே இடத்தில் காற்றாலைக் கோபுரங்கள் செய்தார்களே தவிர, ரயில் பெட்டி வேலை திரும்பவில்லை.

பெருமளவு பணிநீக்கம் வருமானால் அது சுவரில் தெரியும். நான்கு வாரத்துக்குள் 50 பேரோ அதற்கு மேலோ நீக்கப்படுவதாயின், நிறுவனம் ‘படிவம் 1’ஐப் பணிப்பாளருக்கு அனுப்பி, வேலைத்தலத்திலும் ஒட்டவேண்டும், பணிப்பாளருக்கு அது கிடைக்கும்வரை முன்னறிவித்தல் செல்லாது. 50 முதல் 199 பேர் வரை என்றால் 8 வாரமும், 499 பேர் வரை 12 வாரமும், அதற்கு மேல் 16 வாரமும் முன்னறிவித்தல் தரவேண்டும்.

நிறுவனம் வங்குரோத்தானால், செலுத்தப்படாத சம்பளத்துக்கும் செவரன்ஸுக்கும் மத்திய அரசின் ஊதியப் பாதுகாப்புத் திட்டம் ஓர் எல்லைவரை கைகொடுக்கும். உங்களுடையது ஒன்ராறியோவில் பதிவான, தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்றால், மாகாண உத்தரவாத நிதி மாதம் 1,500 டொலர் வரை காக்கும்.

இந்த வாரமே செய்யவேண்டியவை இரண்டு. வேலைக் காப்புறுதிக்கு (EI, வேலையற்ற காலத்துக்கான அரச கொடுப்பனவுக்கு) விண்ணப்பியுங்கள். நிறுவனம் தரும் வேலைப் பதிவு (ROE, உங்கள் வேலைக்கால விபரப் படிவம்) வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம், ஏனெனில் கடைசி வேலைநாளிலிருந்து நான்கு வாரத்துக்கு மேல் தாமதித்தால் சில வாரக் கொடுப்பனவுகளை இழக்க நேரிடலாம். அடுத்து, கூட்டு ஒப்பந்தத்தின் மீள அழைப்புப் பிரிவைச் சங்கப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதைப் படிக்கும்வரை, ‘விருப்பத்தின் பேரில்’ என்ற சொல் உள்ள எந்தக் காகிதத்திலும் கையொப்பமிடாதீர்கள்.