மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்: வாசகர் கேள்விகளும் மருத்துவ பதில்களும்

கேள்வி: விரைவுச் சோதனையில் இரண்டே மணி நேரத்தில் ‘காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டு’ என்று முடிவு வந்துவிட்டது. அதன் பிறகும் சளியைக் கல்ச்சர் சோதனைக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது ஏன்?

பதில்: அந்தச் சோதனை பார்ப்பது ஒரு மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட சிறு பகுதியை மட்டுமே. ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்புப் பெற்ற கிருமிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டில் மாற்றம் அந்தப் பகுதியில்தான் இருக்கும் என்பதால், முடிவை வைத்து உடனே சிகிச்சையைத் திட்டமிடலாம். ஆனால் மற்ற மருந்துகள் வேலை செய்யுமா என்பதை அது சொல்லாது. எஸ்வாட்டினி நாட்டில், அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே மாற்றம் கொண்ட கிருமி பலரிடம் பரவியிருந்ததும், விரைவுச் சோதனை அதைத் தவறவிட்டதும் 2015இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன.

மேலும், செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் விரைவுச் சோதனையில் தெரியும். சிகிச்சை பலன் தருகிறதா என்று அறிய, உயிருள்ள கிருமி வளர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிவதற்கே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. தாமதம் ஆய்வுக்கூடத்தின் மெத்தனத்தால் வருவதன்று.

கேள்வி: முன்பு 18 மாதங்களுக்கு மேல் மருந்து சாப்பிட்டார்கள். இப்போது ஆறு மாதம் போதும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சை, தென்னாப்பிரிக்கா, பெலாரஸ், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வில் 89 விழுக்காட்டினருக்குப் பலனளித்தது; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 52 விழுக்காடுதான். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. காது கேட்காமல் போகும் அபாயம் கொண்ட பழைய ஊசிகள் இதில் இல்லை என்பதை நான் பெரும் நிம்மதியாகக் கருதுகிறேன்.

எனினும் லினசோலிட் எளிய மருந்தன்று. பாதங்களில் மரமரப்பு, எரிச்சல், ரத்த அணுக்கள் குறைதல், பார்வை மங்குதல் ஆகியவை வரலாம். தொடக்க ஆய்வில் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கொடுத்தபோது பெரும்பாலோருக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. 600ஆகக் குறைத்தபோது பலன் குறையாமல் தொல்லை குறைந்தது. பெடாகுவிலினுக்காக ஈ.சி.ஜி.யும் அவ்வப்போது எடுக்க வேண்டும். கர்ப்பிணிகள், 14 வயதுக்குட்பட்டோர், மூளையிலோ எலும்பிலோ காசநோய் உள்ளோர் ஆகியோருக்கு இம்முறை பரிந்துரைக்கப்படவில்லை.

கேள்வி: புதிய மருந்துகளுக்கும் எதிர்ப்பு வருமா?

பதில்: ஏற்கெனவே வந்துவிட்டது. இது புதிதன்று; காசநோய்க்குப் பலன் தந்த முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பற்றி 1948இல் வெளியான ஆய்விலேயே, தனி மருந்தால் தேறியவர்கள் பலரிடம் சில மாதங்களில் எதிர்ப்புக் கிருமி தலைதூக்கியது. பெடாகுவிலினில் கூடுதல் சிக்கல் உண்டு: சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் மற்ற மருந்துகள் சில நாள்களில் வெளியேறிவிட, இது மட்டும் மாதக்கணக்கில் குறைந்த அளவில் உடலில் தங்கி, எதிர்ப்புக் கிருமி தழைக்க இடம் தருகிறது. அந்த எதிர்ப்பைத் தரும் மாற்றங்கள் மரபணு முழுவதும் சிதறிக் கிடப்பதால், சிறு பகுதியை மட்டும் பார்க்கும் சோதனை போதாது; மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சோதனை தேவை. மருந்து சென்றுசேரும் வேகத்தில் இச்சோதனை எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் செல்லவில்லை என்பதே என் கவலை. ஆகவே, சிகிச்சை தொடங்கும்போதே பெடாகுவிலினுக்கும் லினசோலிடுக்கும் எதிர்ப்புச் சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.