1864 பத்திரத்தின் 'என்றென்றும்' இன்று செல்லுமா?

கேள்வி: இங்கிலாந்தில் ரயில் பாதையை ஒட்டிய பழைய செங்கல் சூளை மனையை வாங்கியிருக்கிறேன். 1864-இல் பாதைக்கு நிலம் கொடுத்தவருக்கும், அவர் வாரிசுகளுக்கும், பின்வரும் உரிமையாளர்களுக்கும் 'என்றென்றும்' ஒரு சைடிங்கை (முக்கியப் பாதையிலிருந்து பிரியும் கிளைத் தண்டவாளத்தை) தன் செலவில் பராமரித்துத் தருவதாக ரயில் கம்பெனி பத்திரம் எழுதியிருக்கிறது. 30 ஆண்டுகளாக அதில் வண்டி வரவில்லை. இணைப்பைப் பிடுங்கப்போவதாகப் பாதையை நடத்தும் நிறுவனம் இப்போது கடிதம் அனுப்பியுள்ளது. தடுக்க முடியுமா?

பதில்: 'என்றென்றும்' என்ற சொல்லில் மயங்காதீர்கள். உங்கள் பத்திரத்தில் இரண்டு சங்கதிகள் பின்னிக்கிடக்கின்றன: வண்டி ஓட்டும் பாத்தியதை ஒன்று, தண்டவாளத்தைச் செப்பனிடும் வாக்கு மற்றொன்று.

பாத்தியதை நிலத்தோடு ஒட்டியது. புழங்காததால் மட்டும் போய்விடாது. 1992-இல் பென் எதிர் ஹார்டிங் வழக்கில், 175 ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத வழியுரிமைகூடக் கைவிடப்பட்டதாகாது என்று தீர்ப்பானது.

வாக்குதான் சிக்கல். செலவு செய்யும் கடமை, நிலத்தைப் பின்னால் வாங்கியவர் தலையில் ஏறாது என்கிறது 1885-ஆம் ஆண்டின் ஆஸ்டர்பெரி தீர்ப்பு. எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் நீட்டும். ஆனால், அவர்கள் பாதையைக் கடைச்சரக்குபோல வாங்கியவர்களா என்ன? பழைய கம்பெனிகள் பெரும்பாலும், அவற்றை ஒன்றிணைத்த 1921 சட்டம், நாட்டுடைமையாக்கிய 1947 சட்டம் ஆகியவற்றின்படி கடன், கடப்பாடுகளோடு கைமாறின. 1993-க்குப் பிந்தைய தனியார்மயப் பிரிப்பில் உங்கள் ஒப்பந்தம் யார் கைக்குப் போனது என்று எழுத்தில் கேளுங்கள். அந்தச் சங்கிலி அறாமல் இருந்தால் 'நாங்கள் கையெழுத்திடவில்லை' என்ற பேச்சு எடுபடாது. நிலக்காரர் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கவழி வெட்டிக்கொள்ள 1847-இல் ஒப்புக்கொண்ட தென்கிழக்கு ரயில்வேயை, 60 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது.

இருந்தாலும், ஓடும் ரயில்களுக்கு நடுவே பழைய இணைப்பை வைத்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடுவது அரிது. என் கணிப்பில் இது இழப்பீட்டில் முடியும்.

இன்னொரு கதவும் உண்டு. உங்கள் பாதையைப் போட அனுமதித்த தனிச் சட்டம் 1845-ஆம் ஆண்டு ரயில்வே பொதுவிதிச் சட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தால், அதன் 76-ஆம் பிரிவு அண்டை நிலக்காரர் தன் செலவில் இணைப்புக் கேட்க வழிவிடுகிறது. சரிவுப்பாதை, பாலம், சுரங்கம் ஆகிய இடங்களிலும், கம்பெனி தனி வேலைக்கென ஒதுக்கியதால் இணைப்பு இடைஞ்சலாகும் இடங்களிலும் கேட்க முடியாது.

பத்திரத்தோடு தைத்த வரைபடத்தைப் பிரித்து, நிறம் தீட்டிய கோடு எந்த நிலத்தில் விழுகிறது என்று பாருங்கள். படம் இல்லையென்றால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய கம்பெனிகளின் பதிவேடுகளைத் தேடலாம். கடிதத்தோடு 'புதிய சைடிங் ஒப்பந்தம்' ஏதேனும் வந்திருந்தால் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற வரி அதில் இருந்தால், 1864 உரிமையை நீங்களே கைகழுவியதாகிவிடலாம்.