வாசகர் கேள்வி – பதில்: வங்கதேசப் பெண்களும் வெளிநாட்டு உதவியும்

கேள்வி: பெண்ணுரிமைக்கென்று வெளிநாடுகள் கொடுக்கும் பணமெல்லாம் கருத்தரங்குகளிலும் அறிக்கைகளிலும் கரைந்துவிடுவதாகக் கேள்விப்படுகிறேன். வங்கதேசத்தில் அதனால் ஒரு பெண்ணுக்காவது பயன் கிடைத்ததா?

பதில்: கிடைத்தது. 1982-இல் சாந்த்பூர் மாவட்டத்தின் ஷாராஸ்தி உபஜிலாவில் (நம் ஊர் வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு கொடுத்த பணத்தைக் கொண்டு, உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று உயர்நிலைப்பள்ளி மாணவிகளுக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 1994-இல் அரசு அதைக் கிராமப்புறம் முழுவதற்கும் விரிவாக்கியபோது உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, நார்வே ஆகியவை தோள்கொடுத்தன. மாணவி 75 சதவீத நாட்கள் பள்ளிக்கு வர வேண்டும், தேர்வில் 45 சதவீத மதிப்பெண் எடுக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பவை நிபந்தனைகள். தொகை சிறியதுதான், ஆனால் அது தகப்பனார் கைக்குப் போகாமல், மாணவியின் பெயரிலேயே தொடங்கப்பட்ட வங்கிக் கணக்கில் சேர்ந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பெயரில் வரும் பணத்தைக் காட்டி, "படிப்பை நிறுத்தினால் இதுவும் நின்றுவிடும்" என்று வீட்டில் சொல்ல முடிந்ததே, அதை நான் மிகப் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். இன்று அந்நாட்டு உயர்நிலைப்பள்ளிகளில் மாணவர்களைவிட மாணவிகளே அதிகம்.

ஆனாலும் குழந்தைத் திருமணம் ஒழியவில்லை. ஏறத்தாழ பாதிப் பெண்களுக்கு இன்றும் 18 வயதுக்கு முன்பே மணமாகிவிடுகிறது. 2017-இல் வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டமே 'சிறப்புச் சூழ்நிலை' என்ற பெயரில் ஒரு விலக்கு அளித்திருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. சட்டம் திறந்துவைத்த கதவை எந்த நாட்டுப் பணத்தாலும் அடைக்க முடியாது.

கேள்வி: வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இத்தகைய உதவி எந்த வகையில் போய்ச் சேருகிறது?

பதில்: டென்மார்க்கும் வங்கதேசமும் 2000-ஆம் ஆண்டில் கூட்டாகத் தொடங்கிய திட்டத்தின் கீழ், டாக்கா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பின்னர் பிற நகரங்களிலும் 'ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்' எனப்படும் மையங்கள் அமைந்தன. காயத்தோடு வரும் பெண் மருத்துவமனை, காவல் நிலையம், வழக்கறிஞர் அலுவலகம் என்று அலைந்து, தனக்கு நேர்ந்ததை ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிராமல், சிகிச்சை, காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை அனைத்தையும் ஒரே இடத்தில் பெறலாம். அதே திட்டத்தில் 2006-இல் உருவான டிஎன்ஏ ஆய்வகம், அவளுடைய வாக்குமூலத்தை மட்டுமே நம்பி நிற்க வேண்டிய வழக்குகளுக்கு அறிவியல் சான்றைத் தந்தது.

கேள்வி: 2025-இல் யுஎஸ்எய்டு மூடப்பட்டுவிட்டதே, இனி என்ன ஆகும்?

பதில்: அரசின் சொந்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் நுழைந்துவிட்டவை பிழைக்கும். மாணவிகளின் உதவித்தொகை அப்படி நுழைந்ததால்தான் கொடையாளர்கள் விலகிய பின்னும் தொடர்கிறது. மூன்றாண்டு, ஐந்தாண்டு ஒப்பந்தங்களை நம்பி நடக்கும் காப்பகங்களும் இலவசச் சட்ட உதவியும்தான் முதலில் அடிபடும். ஆகவே எந்தத் திட்டத்தையும் தொடங்கும்போதே, அங்கே பணிபுரியும் ஆலோசகரின் சம்பளத்தை ஆறாவது ஆண்டில் யார் கொடுப்பார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.