கிறிஸ்தவ விசுவாசத்தை ஆலயத்துக்கு வெளியே எப்படி வாழ்வது?

ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன், இரவில் குடும்ப ஜெபமும் உண்டு, ஆனாலும் விசுவாசம் வாழ்க்கையில் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதைக் கற்றுத்தந்தது எங்கள் அடுக்களையில் இருந்த ஒரு தகர டப்பா.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அம்மை உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டப்பாவில் போடுவாள். பிடியரிசி. ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். சாக்கிலிருந்து எடுக்கவே மாட்டாள். நாம் சாப்பிட அளந்ததில் குறைந்தால்தான் அது காணிக்கை என்பாள். மழை பிடித்தால் அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு இருக்காது, வீட்டில் கஞ்சிதான். அப்போதும் பிடி சிறுத்ததில்லை. "நமக்கே இல்லியே அம்மா" என்று ஒருநாள் கேட்டேன். "நம்மளவிட இல்லாதவங்க இருப்பாங்க மக்களே" என்றாள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அப்பா தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். எங்கள் சபை மாதர் சங்க மாமிகள் இரண்டு பேர் ஒரு பை அரிசியோடு வந்தார்கள். பத்துப் பதினைந்து வீட்டுப் பிடி சேர்ந்த அரிசி அது. சிவப்புச் சம்பாவும் வெள்ளைப் புழுங்கலும் கலந்து கிடந்தன. வேகவைத்தால் ஒன்று குழையும், இன்னொன்று விதைவிதையாக நிற்கும். அந்தச் சோற்றைத் தின்றபோதுதான் சபை என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. அதற்குமுன் அது எனக்கு ஒரு கட்டடம், அவ்வளவுதான்.

வேதத்தைத் தனியாக மட்டும் படிக்காதீர்கள் என்பேன். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஒருமுறை யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் படித்தோம். பசித்தவனுக்கு ஒன்றும் கொடுக்காமல் வெறும் வாய்வார்த்தை சொல்லி அனுப்புவதைப் பற்றிய பகுதி. படித்து முடித்ததும் ஒரு மாமி, "கீழத்தெரு பாட்டி பத்து நாளா ஆலயத்துக்கு வரலியே, யாராவது போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் பார்த்திருக்கவில்லை, நானும்தான். அன்றைக்கே நான்கு பேர் போனோம். பாட்டி காய்ச்சலில் கிடந்தார், அடுப்பு பற்றவைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் தனியாகப் படித்திருந்தால் அந்த அதிகாரத்துக்குக் கீழே கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

நேரில் போய்ப் பார்ப்பதை நான் அவ்வளவு பெரிதாக நினைக்கிறேன். நெய்யூரில் மிஷன் மருத்துவம் 1838இல் தொடங்கியது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போயிருந்த சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், ஊர் திரும்புமுன் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். இங்கே கூட்டமாகக் காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்ணால் கண்டார். லண்டனில் இருந்த வாய்ப்பை விட்டுவிட்டு இங்கேயே ஊழியத்துக்கு வந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்வார்கள்.

நீங்கள் எதையும் விட்டுவிட்டு வர வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல், இந்த வாரம் எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று உங்கள் சபை மாதர் சங்கத்தில் கேளுங்கள். அப்புறம் கூடவே போங்கள். அங்கே என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பீர்கள். பரவாயில்லை, அவர்கள் பேசுவார்கள், உட்கார்ந்து கேளுங்கள்.