பட்டம் இருக்கட்டும், பாஷை எது?

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, "தென்கிழக்கு ஆசிய அரசியல்தான் படிப்பேன்" என்று நிற்கிறாள், வீட்டில் இரண்டு வாரமாகச் சரியான பேச்சே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாள்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான்.

இளங்கலையிலேயே அதை எடுக்க வேண்டியதில்லை. பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல் இவற்றில் ஒன்று போதும். என்னைக் கேட்டால் பொருளாதாரம். அந்தப் பகுதியின் அரசியலில் பாதி சரக்கும் துறைமுகமும் தொழிற்சாலையும்தான். 2018ல் அமெரிக்கா-சீனா வர்த்தகச் சண்டை தொடங்கிய பின் கம்பெனிகள் ஏன் வியட்நாம் பக்கம் திரும்பின என்பது பொருளாதாரம் தெரியாமல் பிடிபடாது. முதுகலைக்கு டெல்லி ஜே.என்.யூ. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இருக்கிறது, சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கென்றே ஒரு மையம் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே இருக்கிறது, ஆனால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பாஷைக்கு வருவோம். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் அலுவல் மொழி ஆங்கிலம். 2025 அக்டோபரில் கிழக்கு திமோர் சேர்ந்து உறுப்பு நாடுகள் 11 ஆகிவிட்டன. அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் வருவதால், ஆங்கிலமே போதும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் முதல் வகுப்பில் முதுகலை முடித்திருந்தான். நேர்முகத் தேர்வில் ஜகார்த்தாவில் வரும் இந்தோனேசிய மொழிப் பத்திரிகை ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டான்.

இந்தோனேசிய மொழியில் தொடங்கினால் சுலபம். ரோமன் எழுத்து, காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது. அதைப் படித்தால் மலேசியாவின் மலாய் மொழியும் பெருமளவு புரியும். மலாயில் கடை 'கெடாய்', கப்பல் 'கப்பால்', கட்டில் 'காத்தில்'. நம்மிடமிருந்து போன சொற்கள்தான். தாய்லாந்து மொழிக்குத் தனி எழுத்து, ஐந்து தொனிகள்; குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். வியட்நாமிய மொழியில் ஆறு. கஷ்டம்தான், ஆனால் தொழிற்சாலை, வர்த்தகம் பக்கம் போக நினைத்தால் அந்தக் கஷ்டத்துக்குக் கூலி உண்டு. இந்தோனேசிய அரசின் 'தர்மசிஸ்வா' உதவித்தொகையையும் பாருங்கள். பட்டம் தராது, அங்கேயே தங்கி மொழியும் கலையும் படிக்கலாம்.

வேலை? வெளியுறவுப் பணிக்கு எந்தப் பட்டமும் போதும், ஆனால் யூபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் தரவரிசைதான் முடிவு செய்யும். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சென்னையிலேயே சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. அப்புறம் ஏற்றுமதி, கப்பல் போக்குவரத்து, மொழிபெயர்ப்பு, பத்திரிகை. ஆராய்ச்சி என்றால் பிஎச்.டி. வரை போக வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன்: முதல் சில வருடம் எதிர்வீட்டு ஐ.டி. பையனின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்குத்தான் தூக்கம் கெடும்.

மகளின் ஆர்வம் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரத்தில் (இன்றைய மலேசியாவின் கெடா) தொடங்கியது என்கிறீர்கள். நல்லதுதான், பல பேர் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். ஆனால் தேர்வுக்குழு 1025ல் நடந்த அந்தப் படையெடுப்பைக் கேட்காது. தென்சீனக் கடல் உரிமை பற்றிச் சீனா மீது பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016ல் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தும் சீனா ஏன் அதை ஏற்கவில்லை என்று கேட்கும்.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஏப்ரலில் ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்ச உடன்பாடு போட்டார்கள், ராணுவம் அதை மதிக்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு, ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடக் கூடாது என்று நடக்கும் அமைப்பால் இதில் என்ன செய்ய முடியும்? மகளுக்கு ஒரு வாரம் கொடுத்து, இதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். இரண்டாம் நாளே அலுத்துவிட்டால் அவளுக்கே தெரிந்துவிடும். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினால், உடனே ஒரு மொழி வகுப்பு தேடத் தொடங்குங்கள்.