நின்றால் அனல், ஓடினால் ஜில்: கேஸ் அடிக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர்

கேள்வி: என்னிடம் இருப்பது ஒன்பது வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். வீடு சேலம் அஸ்தம்பட்டி, வேலை சூரமங்கலம் பக்கம். பைபாஸில் ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. ஐந்து ரோடு சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் வெறும் காற்றுதான். ஏற்காடு மலை ஏறும்போதும் பாதி வழியில் குளிர் போய்விடுகிறது. போன வருடம் இரண்டு முறை கேஸ் அடித்தேன். சில நாள் பரவாயில்லை போல இருந்தது, மறுபடியும் அதே கதை. இப்போது கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் செலவழித்துப் பார்க்கும் வரையாவது மாற்ற வேண்டாம்.

உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. தேய்ந்த கம்ப்ரஸர் ஐட்லிங்கில் மெதுவாகச் சுற்றும்போது திணறும், வண்டி ஓடும்போது சமாளிக்கும். ஆனால் நீங்கள் மலையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அடிவாரம் தாண்டி அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வண்டி இரண்டாம் கியரில், இன்ஜின் 3,000 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். பெல்ட்டில் மாட்டியிருக்கும் கம்ப்ரஸரும் அதே வேகத்தில் சுற்றும். கோளாறு கம்ப்ரஸரில் என்றால் அங்கே குளிர் கூடியிருக்க வேண்டும். உங்களுக்குக் குறைகிறது. சிக்னலுக்கும் மலைக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: வண்டியின் முகத்தில் எதிர்க்காற்று அடிப்பதில்லை.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. உங்கள் வண்டியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகும்போது காரின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. சேலத்து 38 டிகிரி வெயிலில் கண்டென்சருக்குள் கேஸ் 60 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டால்தான் கேஸ் மறுபடி திரவமாகும். பைபாஸில் எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வண்டி நின்றால் ஃபேன்தான் செய்ய வேண்டும்.

ஆகவே முதலில் ஃபேன். வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்த சில நொடிகளில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். துண்டு, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவான வேகத்துக்கு உள்ள ரெசிஸ்டர் எரிந்துபோனால், ஏசி போட்டவுடன் ஃபேன் சும்மா நிற்கும்; இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஒரேயடியாக வேகமாகச் சுற்றும். 'ஃபேன் ஓடுதுங்க' என்று பல பட்டறைகளில் சொல்லிவிடுவது இந்த நிலையைப் பார்த்துத்தான். ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், எப்போது ஓடத் தொடங்குகிறது என்றும் பாருங்கள்.

ஃபேன் சரியாகச் சுற்றினால் வாளிக்கு வாருங்கள். ஏசியை முழு வேகத்தில் வைத்து, நடு வென்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். பத்து நிமிடம் நின்று, காற்று சூடாகிவிட்ட நிலையில், முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் சொம்பில் மொண்டு மெல்ல ஊற்றுங்கள். ஓஸ் வைத்துப் பீய்ச்ச வேண்டாம், கண்டென்சரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் தெர்மாமீட்டர் மளமளவென்று இறங்கினால் விடை கிடைத்துவிட்டது: கம்ப்ரஸர் வேலை செய்கிறது, சூடுதான் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது.

அப்படியானால் அடுத்த சந்தேகம் அழுக்கு. மேக்னசைட் சுரங்கப் பகுதிக்குத் தினமும் போய்வந்த ஒரு கார் என் பட்டறைக்கு வந்தது. முன்பக்கம் பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருந்தது, வாட்டர் வாஷ் செய்திருந்தார்கள். ஃபேன் கூட்டைக் கழற்றி, ரேடியேட்டரைச் சற்று விலக்கி டார்ச் அடித்தபோது, இரண்டுக்கும் நடுவில் சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெள்ளைத் தூசி. மேலே பூச்சிகளின் இறக்கை, எண்ணெய்ப் பிசுக்கு. முன்னாலிருந்து தண்ணீர் அடித்தது தூசியை இன்னும் உள்ளேதான் தள்ளியிருந்தது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். அன்று கழுவியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, வண்டி ஜில்லென்று போனது.

இனி கேஸ். இதில்தான் எனக்கு மனவருத்தம் அதிகம். கேஸ் பெட்ரோல்போலத் தீர்ந்துபோகும் பொருளில்லை. ஓ-ரிங் என்னும் இணைப்பு ரப்பர் வளையம், ஹோஸ் வழியாக வருடக் கணக்கில் மிகக் கொஞ்சம் கசியும்; ஒரே வருடத்தில் இரண்டு முறை அடிக்கும் அளவுக்குக் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் அடிப்பது காசுக்கு மட்டும் கேடல்ல: காற்றில் கலந்த ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில், அதே எடை கார்பன் டை ஆக்ஸைடைப் போலச் சுமார் 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

லீக்கே இல்லாமல் இரண்டு முறை டாப்-அப் செய்திருந்தால், இப்போது உள்ளே கேஸ் அதிகமாகி, அதுவே நிற்கும்போது குளிரைக் கெடுக்கலாம். வண்டி ஆஃபில் இருக்கும்போது கேஜ் மாட்டி 'பிரஷர் இருக்கே' என்று சொல்வதை நம்பாதீர்கள். 30 டிகிரியில் அந்த முள் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதே 97தான். இருப்பதை மெஷினில் முழுக்க எடுத்து, அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். எடை மெஷின் இல்லாத இடத்தில் கேஸ் அடிக்காதீர்கள்.

அதன் பிறகு ஓடும் நிலையில் கேஜ் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. நம் ஊர் வெயிலில் லோ பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் குழாய்) 35 முதல் 50 பி.எஸ்.ஐ., ஹை பக்கம் (அழுத்தி வெளியே அனுப்பும் குழாய்) 200 முதல் 250 என்றால் நல்லது. ஹை 300ஐத் தாண்டி, லோவும் கூடவே ஏறினால் சூடு வெளியேறவில்லை. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. குழாய் இணைப்புகளில் எண்ணெய் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் தெரிகிறதா என்று தேடுங்கள், லீக் அங்கேதான். லோ உயர்ந்து ஹை தாழ்ந்து, இரண்டு முள்ளும் கிட்டக் கிட்ட வந்து நின்றால் மட்டும் கம்ப்ரஸரைப் பற்றிப் பேசலாம். அப்போதும், குளிர் நின்ற நேரத்தில், கம்ப்ரஸரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் தட்டு சுற்றுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். இடைவெளி கூடிய கிளட்ச் சூடேறியதும் விட்டுவிடும். இடையில் உள்ள ஷிம் என்னும் மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தால் சரியாகும்.

வென்டில் காற்றே குறைவாக வந்தால் இதெல்லாம் தேவையில்லை, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஏற்காட்டு எஸ்டேட் வண்டி ஒன்றில் ப்ளோயர் முழுக்கச் சில்வர் ஓக் இலை, நடுவில் எலிக் கூடு.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன இன்ஜின் கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால், இழுவைக்காக கம்ப்யூட்டரே ஏசியைச் சில நொடி நிறுத்தும். வளைவு தாண்டியதும் குளிர் திரும்பினால் அது கோளாறில்லை. திரும்பாமல், டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் உடனே ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்துங்கள். அதே ஃபேன்தான் ரேடியேட்டரையும் காக்கிறது. ஃபேனைப் பார்க்கும் வரை அந்த வண்டியில் ஏற்காடு போக வேண்டாம்.