வைர அட்டையும் 259 டாலரும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நெடுநாளாகப் படித்துவருகிறேன். இது இலக்கியக் கேள்வி அல்ல, சொந்த விஷயம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். மகன் அமெரிக்காவில். 2006-ல் எங்களை முதல்முறையாக ஒரு குரூஸுக்கு அழைத்துப்போனான். அதுவரை கடல் என்றால் எனக்கு மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. அதன்பின் அமெரிக்கா போகும்போதெல்லாம் அதே கம்பெனியின் கப்பல்தான். இப்போது என்னிடம் வைர அட்டை இருக்கிறது, அடிக்கடி வருகிறவர்களுக்குக் கம்பெனி கொடுப்பது.

ஆனால் கப்பல் பழைய கப்பலாக இல்லை. அப்போது நடுராத்திரியில் விருந்து வைப்பார்கள். பனிக்கட்டியில் அன்னப்பறவை செதுக்கி நிறுத்தியிருப்பார்கள். கோட்டு சூட்டு போட்டுச் சாப்பிடும் இரவுகள் இருந்தன. ஏழு நாளும் ஒரே மேஜை, ஒரே சர்வர். எங்கள் அறைக்கு ஒரு கோவாக்காரர் வருவார் (பெயரை எழுதியிருக்கிறார், நான் எடுத்துவிட்டேன்). காலையிலும் மாலையிலும் வந்து அறையை ஒழுங்கு செய்து, துண்டில் யானை மடித்து வைத்துவிட்டுப் போவார். என் மனைவிக்கு முழங்கால் வலி என்று தெரிந்ததும் கேட்காமலே ஒரு தலையணை கூடுதலாக வைத்தார். இப்போது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறார்கள். எதற்கெடுத்தாலும் ஆப். நல்ல காபிக்குத் தனிக் காசு. வைர அட்டைக்காரர்களுக்கென்று உள்ள லவுஞ்சில் உட்கார நாற்காலி கிடைப்பதில்லை. இத்தனை வருட விசுவாசத்துக்கு இதுதான் மரியாதையா? போன தடவை வெறுத்துப்போய், பில்லில் தானாகச் சேரும் டிப்ஸை எடுத்துவிடும்படி கவுன்டரில் சொல்லிவிட்டேன்.

டிசம்பருக்குப் பதிவு செய்யட்டுமா என்று மகன் கேட்கிறான். அதே கம்பெனியா, வேறு கம்பெனியா, இல்லை இதோடு போதுமா? உங்கள் கருத்து தெரிந்தால் நன்றாக இருக்கும்.

கே.எஸ்., கிருஷ்ணகிரி

*

அன்புள்ள கே.எஸ்.,

கப்பலில் கால் வைக்காதவனிடம் கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேட்ட நேரம் சரியான நேரம். என் அக்கா மகன், பென்னாகரத்துப் பையன், ஒரு பெரிய கப்பலில் கேபின் ஸ்டூவர்ட், அதாவது பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்கிறவன். ஒன்பது மாத கான்ட்ராக்ட் முடிந்து வந்தவன் தர்மபுரியில் என் வீட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான். வந்தால் முதலில் சில நாள் தூக்கம்தான், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து வருவான். இவன் போன தடவை வந்து போனதிலிருந்தே எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

நடுராத்திரி விருந்து போனதற்காக என்னால் வருந்த முடியாது. இரவு உணவு முடித்தவர்களுக்குப் பன்னிரண்டு மணிக்கு எதற்கு இன்னொரு விருந்து? அன்னப்பறவை உருகித்தான் போயிருக்கும். கோட்டு சூட்டு இல்லாவிட்டால் பெட்டியில் இடம் மிச்சம். ஆப் வந்ததையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் செத்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்கு அவசரகாலப் பயிற்சியே அதுவரை நடந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் பயிற்சி என்று கண்டிப்பானது. முன்பெல்லாம் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வைத்தார்கள். இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டு, போய் நிற்க வேண்டிய இடத்தில் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது லாபம்தானே.

கப்பல் ஏன் மாறியது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 1972-ல் கார்னிவல் என்ற குரூஸ் கம்பெனி ஒரே ஒரு பழைய கப்பலை வாங்கித் தொழில் தொடங்கியது, அதுவும் முதல் பயணத்திலேயே மயாமி கரையோரம் தரைதட்டி நின்றது. 1990-ல் ராயல் கரீபியன் என்ற இன்னொரு கம்பெனி நோர்டிக் எம்ப்ரஸ் என்று ஒரு கப்பலைக் கட்டியது. அளவு 48,563 டன் (கப்பல்காரர்கள் இங்கே டன் என்பது எடையை அல்ல, உள்ளே இருக்கும் இடத்தை). அந்த எம்ப்ரஸ்தான் கைமாறி, வயதாகி, கார்டீலியா கம்பெனிக்கு வந்து 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் கொடியசைக்கப் புறப்பட்டது. நம் ஆட்கள் அதைப் பெரிய கப்பல் என்று செல்ஃபி எடுத்தார்கள். 2024 ஜனவரியில் அதே ராயல் கரீபியன் இறக்கிய ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன். பயணிகள் நிரம்பினால் 7,600 பேர், வேலைக்காரர்கள் 2,350. நம் பக்கத்துச் சின்னப் பேரூராட்சி ஒன்றைத் தூக்கி மிதக்க விட்டது மாதிரி. அங்கே ஏழு நாளும் ஒரே மேஜை, ஒரே சர்வர் வேண்டும் என்றால் எப்படி?

அதோடு கோவிட். 2020 மார்ச்சில் நின்ற தொழில் அமெரிக்காவில் மறுபடி ஓடத் தொடங்க 2021 ஜூன் ஆனது. ஓடாத கப்பலுக்கும் டீசல் உண்டு, பெயின்ட் உண்டு, காவல் உண்டு. கார்னிவல் ஒன்றின் கடன் மட்டும் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வட்டியை யார் கட்டுவது? டிக்கெட்டை ஏற்றினால் புது ஆள் வரமாட்டான். அதனால் டிக்கெட்டை மலிவாகக் காட்டி ஆளை ஏற்றிவிட்டு குடிக்கு, இன்டர்நெட்டுக்கு, தனி ரெஸ்டாரன்ட்டுக்கு என்று உள்ளே வைத்துக் கறக்கிறார்கள். உங்கள் காபிக் காசு அங்கேதான் போகிறது. நார்வீஜியன், ராயல் கரீபியன் இரண்டுமே கோவிட்டுக்குப் பிறகு சாதாரண அறைகளுக்கு இரண்டு வேளைச் சுத்தத்தை ஒரு வேளையாக்கின.

வைர அட்டை விஷயத்தில் உங்களோடு சண்டை போடத்தான் வேண்டும். லவுஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டம் யார்? உங்களைப் போலவே வருஷாவருஷம் ஏறியவர்கள். ராயல் கரீபியன் கணக்கில் 80 புள்ளி சேர்ந்தால் வைரம், உச்சப் படிக்கு 700. ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் என்கிற விலை கூடிய பெரிய அறை எடுத்தால் இரண்டு. அதாவது ஆரம்பத்திலிருந்தே காசுள்ளவனின் இரவு உங்கள் இரவைவிட நீளம். அப்போது உங்களுக்கு அது உறுத்தவில்லை. கார்னிவல் 2025 ஜூனில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது: இனி எத்தனை நாள் வந்தாய் என்று பார்க்கமாட்டோம், எவ்வளவு செலவழித்தாய் என்று பார்ப்போம். பழைய ஆட்கள் கொதித்துப்போனார்கள். எனக்கென்னவோ அது நேர்மையாகப் பட்டது. கம்பெனி உங்களை நேசிப்பதாக நினைத்துக்கொண்டது நீங்கள்தான், கே.எஸ். கம்பெனி எண்ணிக்கொண்டிருந்தது.

சரி, அந்தத் தலையணைக்கு வருகிறேன்.

என் அப்பா ஒகேனக்கலில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தார். பாய் என்று கூப்பிட்டாலும் தலை நரைக்கும் வரை அதே வேலைதான். கோடை விடுமுறையிலும் ஆடிப்பெருக்குக்கும் நான் அங்கேதான் கிடப்பேன். சேலத்து ஜவுளிக்காரர்கள், பெங்களூர்க் குடும்பங்கள் என்று வருஷம் தவறாமல் வருகிறவர்கள் இருந்தார்கள். யாருக்கு விடியற்காலை நாலு மணிக்கு வெந்நீர் வேண்டும், யார் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து மீன் வறுவல் கேட்பார், எந்த வீட்டம்மாவுக்குத் தரையில்தான் தூக்கம் வரும் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "அண்ணே, சின்னப் பாப்பா பத்தாவது முடிச்சிருக்குமே" என்பார். வந்தவர் அப்படியே குளிர்ந்துபோவார். இவ்வளவையும் அப்பா அன்பினால் நினைவு வைத்திருந்தாரா, போகும்போது கையில் விழும் ரூபாய்க்காக வைத்திருந்தாரா என்று நான் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டையும் பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

ஒரு வருஷம் முதலாளி ரூம் வாடகையை ஏற்றிவிட்டார். வழக்கமாக வரும் ஒருவர் கணக்குத் தீர்க்கும் இடத்தில் நின்று சத்தம் போட்டார். பத்து வருஷமாக வருகிறேன், எனக்கே இப்படியா என்று. முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை. அந்த மனிதர் கோபத்தை எங்கே இறக்கினார் தெரியுமா? அப்பா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, பஸ் மேலே ஏற்றிக் கட்டிவிட்டு இறங்கி நின்றார். அந்த மனிதர் பார்க்காதது மாதிரி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முதலாளிமேல் எனக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை. சீட்டில் உட்கார்ந்திருந்தவர்மேல்தான் வந்தது, இன்றைக்கும் போகவில்லை. அடுத்த வருஷம் அதே ஆள் வந்தபோது அப்பா அதே பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று விசாரித்துக்கொண்டே முன்னால் போனார். எனக்கு அந்தக் குணம் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கவுன்டரில் போய் டிப்ஸை எடுக்கச் சொன்னேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! ராயல் கரீபியனில் 2024 நவம்பரிலிருந்து சாதாரண அறைக்கு ஆளுக்கு, நாளைக்கு 18.50 டாலர். உங்கள் கப்பலில் முன்னே பின்னே இருக்கும். இரண்டு பேர், ஏழு இரவு, 259 டாலர். இது கம்பெனியின் பணம் என்று நினைத்தீர்களா? அறையைச் சுத்தம் செய்கிறவர், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர், உங்கள் கண்ணில் படாமல் கீழ்த் தளங்களில் உழைக்கிற இன்னும் சிலர் என்று பங்கு போகிற காசு அது. காபிக்குக் காசு வாங்கியது கம்பெனி, ஒரு வேளைச் சுத்தத்தை நிறுத்தியது கம்பெனி, லவுஞ்சுக்கு நாற்காலி போடாதது கம்பெனி. நீங்கள் தண்டித்தது யாரை?

கப்பல் கிளம்புவது அமெரிக்காவிலிருந்துதான். கொடி பெரும்பாலும் பஹாமாஸுடையது, பனாமாவுடையது. அதனால் அமெரிக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இந்தப் பையன்களைத் தொடாது. இருக்கும் பாதுகாப்பு 2006-ல் எழுதி 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைதான். அதில் ஓய்வுக்கு ஒரு கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் குறைந்தது 77 மணி ஓய்வு. தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தவர் நீங்கள். ஒரு வாரத்தின் 168 மணியில் 77-ஐக் கழித்துப் பாருங்கள். ஓசூரில் உங்களை அப்படி ஒரு வாரம் வேலை வாங்கியிருந்தால் யூனியன் கேட்டைச் சாத்தியிருக்கும். இவர்களுக்கு ஒன்பது மாதத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஒரு வேளைச் சுத்தம் என்றதும் வேலை பாதியானது என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று சாப்பிடும்போது அக்கா மகனிடம் கேட்டேன். "எங்க குறைஞ்சுது மாமா? ரூம் எண்ணிக்கையைக் கூட்டிட்டாங்க. முன்னாடி ஒரு ரூம்ல நின்னு ரெண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். இப்ப கதவைத் தட்டுறப்பவே அடுத்த ரூம் ஞாபகம்தான்" என்றான். உங்கள் கோவாக்காரரைப் பற்றிச் சொன்னேன். தலையணைக் கதையைக் கேட்டுச் சிரித்தான். "யார் பழைய கஸ்டமர், என்ன அட்டை, போன தடவை என்ன கேட்டாங்கன்னு இப்பல்லாம் எங்க கைக்கே வந்துடும் மாமா. ஆனா முழங்கால் வலி அதுல வராது. அது அந்த ஆளாப் பார்த்துச் செஞ்சதுதான்."

அந்தக் கோவாக்காரரின் பெயரையும் ஊரையும் இத்தனை வருஷம் கழித்தும் தப்பில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனிதருக்குத்தான் அப்படி நினைவு நிற்கும். டிப்ஸை நிறுத்திய பயணத்தில் உங்கள் அறையைக் கூட்டியவரின் பெயர் கடிதத்தில் இல்லை. அவருடைய சட்டையிலும் பெயரும் நாடும் எழுதின அட்டை குத்தியிருந்திருக்கும்.

டிசம்பர் பயணத்தைக் கேட்டிருந்தீர்கள். எந்தக் கம்பெனி என்பதை உங்கள் மகன் விலையைப் பார்த்து முடிவு செய்யட்டும், எனக்கு அதில் ஒரு கருத்தும் இல்லை. பெரிய கப்பல் பிடிக்காவிட்டால் சின்னதாகப் பாருங்கள், இன்னும் சில ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் லிஃப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்யும்போதே டிப்ஸையும் சேர்த்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். இடையில் விலை ஏற்றினாலும் முன்னால் கட்டியவருக்குப் பழைய விலையை விடுவதுதான் வழக்கம். உங்களுக்கும் அந்தக் கவுன்டர் பக்கம் போகிற வேலை இருக்காது. தனியாக ஒரு கவரில் நூறு டாலர் போட்டு எடுத்துப்போய், கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் இரண்டாம் நாளே கையில் கொடுங்கள். போன தடவை பாக்கி இருக்கிறது.